எண்ணப்படாத முட்டிகள்

ஐம்பது வயதைத் தாண்டிய பத்துப் பேரை உட்கார வைத்து, "யாருக்கெல்லாம் முட்டி வலி?" என்று கேட்டால் இரண்டு மூன்று கை உயரும். அதே பத்துப் பேரிடம், "படிக்கட்டில் கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்குவது யார்?" என்று கேளுங்கள். அப்போது வரும் கணக்கே வேறு. சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில், எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கத்தில் உள்ள மூத்தோர் நிலையத்தில் வாரந்தோறும் நாற்காலிப் பயிற்சி நடக்கிறது. அதில் தொண்டூழியராக உதவி செய்கிறேன். முட்டித் தேய்மானம் எத்தனை பேருக்கு இருக்கிறது என்பது, நாம் யாரிடம் எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. அதை நான் புரிந்துகொண்டது அங்கேதான்.

முதலில் என் முட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பல வருடம் பாலர் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். மூன்று வயதுப் பிள்ளைகளோடு வேலை என்றால் நாள் முழுக்கத் தரையில்தான். காலணி மாட்டிவிடக் குந்த வேண்டும், கதை சொல்லச் சம்மணம் போட வேண்டும், அழுகிற பிள்ளையின் கண்ணுக்கு நேராகப் பேச மண்டியிட வேண்டும். மாதவிடாய் நின்ற சமயத்தில் வலது முட்டியில் வலி ஆரம்பித்தது. சமதரையில் நடந்தால் ஒன்றும் தெரியாது. படி இறங்கும்போது முட்டிச் சில்லுக்குக் கீழே சுருக்கென்று பிடிக்கும். பேருந்தில் நீண்ட நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் முதல் சில அடிகளுக்கு முட்டி மடங்கவும் மாட்டேன் நீளவும் மாட்டேன் என்று அடம் பிடிக்கும், பிறகு சரியாகிவிடும். காலையில் எழுந்ததும் அதேபோல் ஒரு இறுக்கம். பல் துலக்கி, தண்ணீர் கொதிக்க வைப்பதற்குள் விட்டுவிடும். முட்டியை மடக்கி நீட்டினால் உள்ளே மணல் அரைபடுவதுபோல் நரநரவென்று ஒரு சத்தம்.

அரசாங்கப் பலதுறை மருந்தகத்தில் டாக்டர் இந்த விவரங்களைத்தான் ஒவ்வொன்றாகக் கேட்டார். முட்டியை மடக்கிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார், நடக்கச் சொல்லிப் பார்த்தார். எக்ஸ்ரே எடுக்கவில்லையா என்று கேட்டேன். வயது நாற்பத்தைந்துக்கு மேல், நடமாடினால் கூடும் வலி, காலை இறுக்கம் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடுகிறது – இந்த மூன்றும் இருந்து, வேறு சந்தேகத்துக்கு இடமில்லை என்றால் முட்டித் தேய்மானம் என்று சொல்லப் படம் தேவையில்லை என்றார். சில மாதம் கழித்து வேறொரு காரணத்துக்காக எடுத்த படத்தில் என் முட்டி கொஞ்சம்தான் தேய்ந்திருந்தது. அதே சமயத்தில் என் நாத்தனார் ஒரு முறை கீழே விழுந்து, எலும்பு முறிவு இருக்குமோ என்று படம் எடுத்தார்கள். எலும்போடு எலும்பு உரசும் அளவுக்கு அவருடைய முட்டி தேய்ந்திருந்தது. அவரோ வாரக் கடைசியில் தேக்கா சந்தையில் மீனும் கீரையும் வாங்கி இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வருகிறவர். வலி என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

இப்படி நடப்பது அபூர்வம் இல்லை. படமும் வலியும் ஒத்துப்போகாதது இந்த நோயின் இயல்பு. எத்தனை பேருக்கு இந்த நோய் என்ற கேள்வி சிக்கலாவதும் இங்கேதான்.

கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1957இல் எக்ஸ்ரே படத்தை வைத்து 0 முதல் 4 வரை ஒரு தரவரிசை வகுத்தார்கள். மூட்டு இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது, ஓரத்தில் எலும்பு முளைவிட்டிருக்கிறதா என்றெல்லாம் பார்த்துத் தரம் போடுவது. 2ஆம் தரத்திலிருந்து தேய்மானம் என்று கணக்கு. ஆய்வாளர்கள் இன்றைக்கும் பெரும்பாலும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் 63 வயதிலிருந்து 94 வயதுவரை உள்ளவர்களைச் சோதித்து 1987இல் வெளியிட்ட ஆய்வில், படத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு முட்டித் தேய்மானம் இருந்தது. படத்தோடு வலியும் இருக்க வேண்டும் என்று கேட்டால் பத்தில் ஒருவராகக் குறைந்தது. ஊரும் மனிதர்களும் ஒன்றுதான், கேள்விதான் வேறு.

உலகக் கணக்குகள் ஏன் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை என்பதற்கும் விடை இதில் இருக்கிறது. 2019இல் 528 மில்லியன் பேருக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது, அதில் முட்டி மட்டும் 365 மில்லியன் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 2020இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, நாற்பதும் அதற்கு மேலும் வயதானவர்களில் 22.9 விழுக்காட்டினருக்கு, அதாவது 654 மில்லியன் பேருக்கு, முட்டித் தேய்மானம் இருப்பதாகக் கணக்கிட்டது. முதல் கணக்கு படத்திலும் தெரிய வேண்டும், வலியும் இருக்க வேண்டும் என்று கறாராக எடுத்தது. இரண்டாவது, பலவிதமாக எண்ணிய பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. இந்தியாவில் ஐந்து வட்டாரங்களில் எடுத்து 2016இல் வெளியான ஆய்வு 28.7 விழுக்காடு என்றது. எந்த எண்ணைப் பார்த்தாலும், எதை எண்ணினார்கள் என்று ஒரு நிமிடம் கேட்டுக்கொள்வது நல்லது. வாட்ஸ்அப்பில் வரும் "இத்தனை பேருக்கு முட்டி போச்சு" ரகச் செய்திகளில் அந்த விவரம் ஒருபோதும் இருப்பதில்லை.

எந்த வழியில் எண்ணினாலும் மாறாத சில விஷயங்கள் உண்டு. வயது ஏற ஏறக் கூடுகிறது. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களில் 73 விழுக்காட்டினர் 55 வயதைத் தாண்டியவர்கள். பெண்கள் அதிகம், சுமார் 60 விழுக்காடு. உடல் எடை கூடினால் கூடுகிறது. இளம் வயதில் பந்து விளையாடியோ கீழே விழுந்தோ முட்டியில் அடிபட்டவர்களுக்கு வாய்ப்பு அதிகம். குந்தியும் மண்டியிட்டும் செய்யும் வேலைகளும் சேரும். பெய்ஜிங்கில் அறுபது வயதைத் தாண்டிய பெண்களின் முட்டிகளை ஃபிரேமிங்ஹாம் பெண்களோடு ஒப்பிட்டு 2001இல் ஓர் ஆய்வு வந்தது. பெய்ஜிங் பெண்களிடம் தேய்மானம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அவர்கள் அமெரிக்கப் பெண்களைவிட ஒல்லியானவர்கள்! இளமையில் நாளுக்குப் பல மணி நேரம் குந்தி இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் முட்டி அதிகம் பாதிக்கப்பட்டிருந்ததையும் அதே ஊரில் பிறகு செய்த ஆய்வு காட்டியது. படித்தபோது என் அம்மாதான் நினைவுக்கு வந்தார். துணி துவைப்பது, பாத்திரம் கழுவுவது, அரிவாள்மணையில் காய் நறுக்குவது, வாசலில் கோலம் போடுவது எல்லாமே அவருக்குக் குந்திய நிலையில்தான்.

சிங்கப்பூரில் 2024இல் குடிமக்களில் 19.9 விழுக்காட்டினர் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். 2030இல் ஏறத்தாழ நான்கில் ஒருவர் அந்த வயதில் இருப்பார். முட்டிகளின் கணக்கும் கூடவே ஏறும். அமெரிக்காவில் ஜான்ஸ்டன் கவுண்டியில் 2008இல் போட்ட கணக்குப்படி, 85 வயதுவரை வாழ்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் வலியோடு கூடிய முட்டித் தேய்மானம் வருகிறது. பாதிப் பேர் என்றால், ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் இருந்தால் ஒருவருக்கு என்றே வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு பரவலாக இருப்பதால்தான் இதை யாரும் நோயாகவே எடுத்துக்கொள்வதில்லை என்று நினைக்கிறேன். "வயசானா வரத்தானே செய்யும்" என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. மருத்துவமனைக் கோப்புகளை வைத்து எடுக்கும் எந்தக் கணக்கிலும், டாக்டரிடம் போனவர்கள் மட்டுமே இருப்பார்கள். தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வீட்டிலேயே இருப்பவர்கள் அதில் இல்லை.

அப்படி ஒருவரைச் சொல்கிறேன். எங்கள் புளோக்கில் பதினோராம் மாடியில் ஓர் அக்கா இருக்கிறார். எழுபது வயதை நெருங்குகிறார். முன்பெல்லாம் பங்குனி உத்திரத்துக்கு ஈசூன் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் கோயிலில் காலையிலிருந்து அன்னதானத்துக்குக் காய் நறுக்கிக் கொடுப்பார். பிறகு வருவதை நிறுத்திவிட்டார். கேட்டால், "கூட்டமா இருக்குதும்மா, வெயில் வேற" என்பார். திருமணங்களுக்கும் போவதில்லை, "யாரு அவ்வளவு தூரம் போறது" என்பார். முட்டி என்ற பேச்சே எடுக்க மாட்டார். ஒரு நாள் வற்புறுத்திப் பயிற்சிக்குக் கூட்டி வந்தேன். நாற்காலியிலிருந்து எழச் சொன்னதும் அவர் செய்ததை அருகிலிருந்து பார்த்தேன். முதலில் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தார். இரண்டு கையையும் தொடைமேல் அழுத்தினார். மூச்சைப் பிடித்துக்கொண்டார். இடது காலை முன்னால் நீட்டி, வலது காலில் மட்டும் பாரத்தைப் போட்டு, உடம்பை ஒரு வீச்சு வீசி எழுந்தார். நின்ற பிறகும் முன்னால் உள்ள நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நகரவில்லை. முகத்தில் சிரிப்பு மட்டும் மாறவில்லை.

"எத்தனை நாளா அக்கா இப்படி?" என்றேன்.

"எப்படி?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். கோயிலில் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருக்கிறது, அது கூச்சமாக இருக்கிறது. வெளியே போனால் கழிப்பறை எப்படி இருக்குமோ என்று பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. சாலையைக் கடப்பதற்குள் விளக்கில் பச்சை மனிதன் மினுக்க ஆரம்பித்துவிடுகிறது. இதில் ஒன்றைக்கூட அவர் டாக்டரிடம் சொன்னதில்லை. நீரிழிவுக்காக மூன்று மாதத்துக்கு ஒரு முறை மருந்தகத்துக்குப் போகிறவர், முட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. "அவங்க சுகரைத்தானே கேட்டாங்க" என்றார்.

முட்டி வலியால் நடப்பது குறைகிறது, நடப்பது குறைந்தால் எடை கூடுகிறது, சர்க்கரை கட்டுக்குள் நிற்க மறுக்கிறது, தொடைத் தசை மெலிகிறது, அதனால் முட்டி இன்னும் வலிக்கிறது. சிங்கப்பூர் இந்தியரிடையே நீரிழிவும் அதிக எடையும் சீனர்களைவிடக் கூடுதலாக இருப்பதைச் சுகாதார அமைச்சின் ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. நம் வீடுகளில் முட்டியைத் தனியாகவும் சர்க்கரையைத் தனியாகவும் பார்ப்பது சரிப்படாது.

இனி, எனக்கும் எங்கள் குழுவில் உள்ளவர்களுக்கும் எது உதவியது என்று சொல்கிறேன்.

என்னை அனுப்பியது பிசியோதெரபிக்கு. அங்கே இருந்தது ஒரு தமிழ்ப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். வலிக்கும்போது முட்டிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்றே நம்மில் எல்லாரும் வளர்ந்திருக்கிறோம். அவள் நேர்மாறாகச் சொன்னாள். "ஆன்ட்டி, முட்டியைத் தாங்கிப் பிடிக்கிறது தொடைத் தசைதான். அது மெலிஞ்சா எல்லாப் பாரமும் மூட்டு மேலதான் போகும். கொஞ்சம் வலிச்சாலும் செய்யலாம், மறுநாள் காலையில பழைய நிலைக்கு வந்துட்டா போதும்." வலியைப் பத்துக்கு எத்தனை என்று சொல்லச் சொன்னாள். ஐந்துக்குள் இருந்தால் தொடரலாம், அதற்கு மேல் போனாலோ மறுநாளும் கூடுதலாக வலித்தாலோ எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், நிறுத்திவிடக் கூடாது. இந்த ஒரு விதிதான் எனக்குப் பயத்தைப் போக்கியது. மூட்டில் எலும்பு முனைகளை மெத்தைபோல் மூடியிருக்கும் குருத்தெலும்பு உயிருள்ள திசு. அளவாகப் பாரம் ஏறி இறங்கும்போதுதான் அதற்கு ஊட்டம் போய்ச் சேர்கிறது. நடந்தால் மிச்சம் இருப்பதும் தேய்ந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

நாங்கள் செய்யும் பயிற்சிகளில் முக்கியமானது நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. சுவரோடு ஒட்டிப் போட்ட, கையில்லாத உணவு மேசை நாற்காலி போதும். பாதங்களை இடுப்பு அகலத்துக்கு விரித்து, முட்டிக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வைக்க வேண்டும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, மூக்கு கால் விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து எழ வேண்டும். உட்காரும்போது தொப்பென்று விழாமல், மனதுக்குள் மூன்று எண்ணிக்கொண்டே இறங்க வேண்டும். இறங்குவதில்தான் தசைக்கு வேலை. முட்டிகள் உள்பக்கம் சாயாமல் பாதத்துக்கு நேராக இருக்கட்டும். முடியாதவர்கள் நாற்காலிமேல் ஒன்றிரண்டு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். பழகப் பழக ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம். பதினோராம் மாடி அக்கா இரண்டு தலையணையோடுதான் ஆரம்பித்தார்.

எழவே முடியாத அளவு வலி இருக்கும் நாட்களில், படுக்கையில் காலை நீட்டி முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அந்தத் துண்டை முட்டியால் கீழே அழுத்திப் பிடிப்பது. அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. இவ்வளவுதான். வாரத்தில் இரண்டு மூன்று நாள் செய்தால் ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் வித்தியாசம் தெரியும் என்றாள் பிசியோ. எனக்குத் தெரிந்தது படியில்தான். காத்திப் ரயில் நிலையத்தில் மேடையிலிருந்து கீழே வருவதற்கு மின்தூக்கிக்குக் காத்திருப்பேன், இப்போது படியில் இறங்கி வருகிறேன், கைப்பிடியில் கை இருக்கும். வலி சுத்தமாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பயிற்சியால் கிடைக்கும் வலி நிவாரணம் அளவானதுதான் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. நிறுத்தினால் பலனும் மெல்லப் போய்விடுகிறது.

எடை பற்றிச் சொல்வது எளிது, செய்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு கணக்கு என் மனதில் நின்றுவிட்டது. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டிமேல் விழும் பாரம் நாலு கிலோ குறைகிறது. 2005இல் ஓர் ஆய்வில் அளந்து பார்த்த கணக்கு இது. ஃபிரேமிங்ஹாமில், பத்து வருடத்தில் ஐந்து கிலோ அளவுக்கு எடை குறைத்த பெண்களுக்கு வலியோடு கூடிய முட்டித் தேய்மானம் வரும் வாய்ப்பு பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. ஐந்து கிலோ என்பது எட்டாத உயரம் இல்லை. நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு (பிஎம்ஐ) 23ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்பது இங்குள்ள வரையறை.

சின்னச் சின்ன உத்திகள் சில. படி ஏறும்போது வலியில்லாத கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். கைத்தடி வைத்துக்கொள்பவர்கள் வலிக்கும் முட்டிக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். எங்கள் நிலையத்தில் முக்கால்வாசிப் பேர் வலிக்கும் பக்கமே பிடித்துக்கொண்டு வந்தார்கள், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தடியின் பிடி, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரத்தில் இருக்க வேண்டும். காலணியில் குதிகால் உயரம் வேண்டாம், தேய்ந்த ரப்பர் செருப்பும் வேண்டாம். பாலர் பள்ளியில் கடைசி வருடங்களில் நான் ஒரு குட்டை முக்காலியைக் கூடவே தூக்கிக்கொண்டு போவேன். பிள்ளைகளின் கண்ணுக்கு நேராகவும் இருக்கலாம், மண்டியிடவும் வேண்டாம். இப்போது இளம் ஆசிரியைகளிடம் முதல் நாளே அதைச் சொல்கிறேன்.

வீட்டில் குளியலறைக் கைப்பிடிகளுக்கு, வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) மூத்தோர் வீடுகளுக்காக நடத்தும் ஈஸ் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். கைப்பிடி, வழுக்காத தரைப்பூச்சு போன்றவற்றுக்குக் குடிமக்களுக்கு 95 விழுக்காடு வரை மானியம் கிடைக்கிறது. சாலைச் சந்திப்புகளில் கிரீன் மேன் பிளஸ் பெட்டி இருந்தால் மூத்தோர் சலுகை அட்டையை அதில் தட்டினால் பச்சை விளக்கு கூடுதலாகச் சில நொடிகள் எரியும். 2009இலிருந்து இருக்கிறது. பதினோராம் மாடி அக்காவிடம் அட்டை இருந்தது, அதைப் பேருந்தில் தட்டத்தான் என்று நினைத்திருந்தார்.

கோயில்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நாற்காலியை ஓரமாக நாலு போட்டு "முடியாதவங்க அங்க உட்காருங்க" என்று காட்டாமல், எல்லா வரிசையிலும் கலந்து போடுங்கள். ஓரத்து நாற்காலியில் உட்கார வெட்கப்பட்டு வீட்டிலேயே நின்றுவிடுகிறவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். அன்னதானத்துக்குக் காய் நறுக்கும் இடத்தில் மேசை உயரத்தில் ஒரு பலகை போட்டால், அனுபவமுள்ள கைகள் இன்னும் பத்து வருடம் வந்து உதவும்.

மருந்து விஷயத்தில் மருத்துவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். ஆனால் நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடங்கள் சில உண்டு. வலிக்கு மேலே பூசும் டைக்ளோஃபெனாக் ஜெல் முட்டிக்கு நல்ல முதல் தேர்வு. தோலில் பூசுவதால் உடம்புக்குள் போவது மிகக் குறைவு. அதே வகை மருந்தை மாத்திரையாக நாள்கணக்கில் சாப்பிடுவது வேறு விஷயம். வயிற்றில் புண், சிறுநீரகப் பாதிப்பு, இரத்த அழுத்தம் ஏறுவது எல்லாம் வரக்கூடும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள நம் அக்காமார்கள் பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை "நல்லா கேக்குது" என்று வாங்கிப் போட்டுக்கொள்வதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. மூட்டுக்கு நல்லது என்று விற்கும் குளுக்கோசமைன் மாத்திரையை ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்த பெரிய அமெரிக்க ஆய்வு 2006இல் வந்தது. மொத்தத்தில் வெற்று மாத்திரையைவிட அது மேலாக இல்லை. மாதாமாதம் அதற்குச் செலவழிக்கும் பணத்தில் நல்ல காலணி வாங்கலாம் என்பது என் கருத்து.

என் தோழி ஒருவர் ஒரு தனியார் நிலையத்தில் முட்டிக்கென்று பெரிய தொகைக்கு பேக்கேஜ் வாங்கினார். ஏதோ ஒளி காட்டினார்கள், அதிர்வு கொடுத்தார்கள், குருத்தெலும்பு திரும்ப வளரும் என்றார்கள். ஒரு முறைகூட அவரை நாற்காலியிலிருந்து எழுந்து காட்டச் சொல்லவில்லை. தேய்ந்த குருத்தெலும்பை மறுபடி வளர்த்துத் தருவதாக நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இன்றுவரை இல்லை. அப்படி யாராவது உறுதி கொடுத்தால் பணப்பையை மூடிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். ஸ்டீராய்டு ஊசி வலி உச்சத்தில் இருக்கும்போது சில வாரங்களுக்குக் கேட்கும். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒன்று என்று இரண்டு வருடம் தொடர்ந்து போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு இழப்பு கூடுதலாக இருந்ததை 2017இல் வந்த ஆய்வு காட்டியது. துளையிட்டு முட்டியைச் "சுத்தம் செய்யும்" அறுவை சிகிச்சை, சும்மா தோலைக் கீறித் தைத்ததைவிடப் பயன் தரவில்லை என்று 2002லேயே தெரிந்துவிட்டது.

முழு முட்டி மாற்று அறுவை சிகிச்சை வேறு. எல்லாம் செய்து பார்த்தும் இரவுத் தூக்கம் கெடுகிறது, வீட்டுக்குள் நடமாடவே முடியவில்லை என்பவர்களுக்கு அது வாழ்க்கையைத் திருப்பித் தருகிறது. பொருத்தும் செயற்கை முட்டிகளில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் 25 வருடம் தாங்குகின்றன. ஐந்தில் ஒருவருக்கு அதன் பிறகும் ஓரளவு வலி நீடிக்கிறது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது. பலதுறை மருந்தகத்திலிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கிப் போனால் அரசாங்க மருத்துவமனை நிபுணரை மானியக் கட்டணத்தில் பார்க்கலாம். அறுவை சிகிச்சைக்கு முன்பே தொடைத் தசையைப் பலப்படுத்திக்கொண்டவர்கள் சீக்கிரம் எழுந்து நடக்கிறார்கள். எங்கள் குழுவிலேயே ஒரு மாச்சிக்கிடம் (மலாய்ப் பெரியம்மா) அதைப் பார்த்தேன்.

முட்டி சிவந்து, சூடாகி, காய்ச்சலோடு வீங்கினால் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். முட்டி மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டாலும், காலை இறுக்கம் மணிக்கணக்கில் நீடித்தாலும், ஓய்விலும் ஓயாமல் வலித்தாலும் அது வெறும் தேய்மானமாக இல்லாமல் இருக்கலாம்.

மற்றவர்கள் அடுத்த முறை சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ போகும்போது முட்டியைப் பற்றியும் பேசுங்கள். அரசாங்கத்தின் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் பதிந்துகொண்டவர்களுக்கு ஒரே குடும்ப மருத்துவர் இருப்பதால் இது இன்னும் எளிது. "முட்டி வலிக்குது" என்று மட்டும் சொன்னால் ஒரு ஜெல்லோடு அனுப்பிவிடக்கூடும். எந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்று சொல்லுங்கள்: சந்தைப் பையோடு எத்தனை புளோக் நடக்க முடிகிறது, கழிப்பறையிலிருந்து எழக் கையூன்ற வேண்டியிருக்கிறதா, எந்த இடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டீர்கள். "என்னை பிசியோவுக்கு அனுப்புவீர்களா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அக்காவுக்கு இதையெல்லாம் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவர் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து டாக்டருக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். அன்றைக்கே பிசியோவுக்குத் தேதி கிடைத்தது. இப்போது அவர் ஒரு தலையணையோடு எழுகிறார், பங்குனி உத்திரத்துக்கு வருகிறீர்களா என்று கேட்டால் "மேசை போடுவாங்களான்னு கேட்டுச் சொல்லு" என்கிறார். கோயிலில் பேசிக்கொண்டிருக்கிறேன்.